ஊதுவதற்கு முன்னால்

1987 ஏப்ரல் 9, வியாழன்

காலை முழுவதும் ஸ்பைரோமீற்றரோடு மல்லுக்கட்டு. தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த பெரிய மணி. ஆள் குழாயில் ஊத மணி எழும்பும். மணியோடு கட்டிய பேனா சுழலும் கடதாசியில் கோடு கீறும். ஒருவனின் நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அந்தக் கோடு சொல்லும். எவ்வளவு எளிய சாமான்! அதைக்கூட ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவர்கள் எனக்கு முன்னால் இந்த லாப்பில் சம்பளம் எடுத்திருக்கிறார்கள். சங்கிலி ஒரு பல்லுத் தவறி இருந்தது. திருத்தினேன். மூன்று லீற்றர் காற்றை அடித்துப் பார்த்தேன். மூன்று லீற்றர் காட்டியது. ரொறன்ரோவில் வேறு எந்த மெஷினும் பொய் சொல்லலாம், என்னுடையது சொல்லாது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சங்குச் சத்தம். சத்தியமாகச் சங்கு. ஆஸ்பத்திரியில் சங்கு கேட்டால் யாழ்ப்பாணத்தான் என்ன நினைப்பான்? கையில் சோற்றோடு எழும்பி ஓடினேன். சாமான் அறையைத் திறந்தால் நவோமி. லாப்பின் பொறுப்பாளர், என்னைவிட நாலைந்து வயது மூப்பு. ஒட்சிசன் சிலிண்டர்களுக்கு நடுவில் வளைந்த ஆட்டுக்கடாக் கொம்பொன்றை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஆர் செத்தது?" என்றேன்.

"ஒருத்தரும் சாகேல்லை. உள்ளை வந்து கதவைச் சாத்தும்."

(அவள் பேசுவது இங்கிலிஷ். என் காதில் இப்படித்தான் விழுகிறது, இப்படியே எழுதுகிறேன்.)

ஏப்ரல் 10, வெள்ளி

முழுக் கதையும் இன்று சொன்னாள்.

அந்தக் கொம்பின் பெயர் ஷோஃபார். யூதரின் வருஷப்பிறப்பு செப்ரெம்பரில். இரண்டு நாளும் கோயிலில் அதை ஊத வேண்டும், ஒரு நாளைக்கு நூறு ஊதல். அவர்களுடையது சின்னக் கூட்டம். டவுண்டவுனில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே பெண்களும் ஊதலாம் என்று போன வருஷம்தான் தீர்மானித்தார்களாம். பள்ளிக்கூடத்தில் ட்ரம்பெற் வாசித்தவள் என்றபடியால் நவோமிக்குக் கிடைத்தது. ஆனால் போன வருஷம் முதல்நாள் சனிக்கிழமையில் விழுந்துவிட்டது. சனிக்கிழமை ஊதக் கூடாது. ஆக ஒரு நாள்தான் ஊதினாள். இந்த வருஷம் இரண்டு நாளும்.

"அப்ப என்ன பிரச்சினை?"

"எனக்குப் பிள்ளை வரப்போகுது. ஒக்ரோபர்."

வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடம். நான் கணக்குப் பார்த்தேன். "செப்ரெம்பரிலை எட்டாம் மாசம். ஏலாது."

"ஹெர்ஷலும் இதையேதான் சொல்லுறார்."

ஹெர்ஷல் முன்பு அங்கே ஊதியவராம். எழுபதைத் தாண்டியவர். முன்பல் போனபின் ஊத முடியவில்லை. பாதியில் நின்றால் முழுக் கூட்டத்துக்கும் பிழை, மொன்றியலில் இருந்து ஒரு பெடியனைக் கூப்பிடுவோம் என்கிறாராம்.

"கூப்பிடட்டுமே. அடுத்த வருஷம் நீர் ஊதும்."

"இந்த வருஷம் வயிறு. வாற வருஷம் கைப்பிள்ளை. அதுக்கடுத்த வருஷம் உமக்குப் பழக்கம் விட்டுப்போச்சு எண்டுவினம். இப்ப விட்டா விட்டதுதான், லிங்கம்."

என்றாலும் பௌதிகம் பௌதிகம்தானே! ஒரு பெட்டிக்குள் இன்னொரு சாமானை வைத்தால் மிச்ச இடம் குறையும். சொன்னேன். பந்தயம் கட்டினாள்: ஒவ்வொரு மாதமும் என் மெஷினில் ஊதுவாள். காற்றுக் குறைந்தால் அவள் லாப்புக் குழாய் எல்லாம் கழுவ வேண்டும். குறையாவிட்டால் நான்.

முதல் கோடு இன்றே எடுத்தோம். நல்ல கோடு. நான் கழுவப்போவதில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரெக்ஸ்டேலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். சும்மா இருக்காமல் கதையைச் சொல்லிவிட்டேன்.

சந்திரவதனா அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வயித்துப்பிள்ளைக்காரி சங்கூதுறாளோ? நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

"சங்கில்லை அக்கா, கொம்பு."

"கொம்பெண்டா இன்னும் வடிவு."

"அவையளுக்கு அது செத்தவீட்டுக்கில்லை. வருஷப்பிறப்புக்கு."

"வருஷப்பிறப்புக்குப் பொங்குறது. ஆரும் ஊளையிடுறதோ?"

அத்தான் சிரித்துப் புரைக்கேறினார். அக்கா அவருடைய தலையில் தட்டியபடியே என்னைக் கேட்டாள்: "இப்ப எத்தினை மாசம் அந்தப் பிள்ளைக்கு?"

மே 14, வியாழன்

இன்று நவோமியின் கோட்டை இரண்டு முறை தள்ளினேன். விதி தெளிவானது. நெஞ்சை நிரப்பியவுடன் ஒரே மூச்சில் வெடிக்க வேண்டும். தயங்கினால் கோடு செல்லாது. நோயாளிகளைப் பார்த்து "ஊது ஊது ஊது" என்று கத்துகிறவளே அவள்தான். இவளோ நிரப்புகிறாள், நிற்கிறாள். பேனா மேலே ஒரு சமதரை கீறுகிறது. அதற்குப் பிறகுதான் ஊதுகிறாள்.

"ஏன் மறிக்கிறீர்?"

தானே கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "கொம்பு பழகின பழக்கம். நிரப்பின கையோடை ஊதுறேல்லை. ஆருக்காக ஊதுறன் எண்டு ஒருக்கா நினைச்சுத்தான் விடுறது. அது இல்லாட்டி வெறும் சத்தம்."

"எவ்வளவு நேரம் நினைக்க வேணும்?"

"நினைக்கிற நேரம்."

இதெல்லாம் ஓர் அளவா? கேட்டேன், காற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று. அவர்கள் காலையில் எழும்பினதும் ஒரு செபம் சொல்வார்களாம்: நீ தந்த உயிர் சுத்தமானது, நீதான் இதை எனக்குள் ஊதினாய். "ஒவ்வொரு நாளும் அவர் ஊதினதெண்டு சொல்லுறம். வருஷத்திலை ஒருக்கா நாங்கள் திருப்பி ஊதுறம்."

"திருப்பிக் குடுக்கிறது காபனீரொட்சைட்."

"அவர் முறைப்பாடு வைச்சதில்லை."

அவள் போனபின் நானும் முயன்று பார்த்தேன். நெஞ்சு நிறைய எடுத்து, குழாயில் வாயை வைத்து, அப்படியே நிற்க. என் பேனா நடுங்கியது. அவளுடைய சமதரை மேசை மாதிரி இருந்தது.

ஊரில் தீட்சை கேட்டபின் அப்பு என்னை மூக்கைப் பொத்தி இழு, அடக்கு, விடு என்று இருத்துவார். நான் எப்போதும் இடையில் எழும்பி ஓடிவிடுவேன்.

யூன் 18, வியாழன்

குறையவில்லை. சங்கிலியைத் திரும்பவும் பார்த்தேன். சங்கிலி சரி.

யூலை 16, வியாழன்

இன்றும் குறையவில்லை. படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, கண்ணால் காண்கிறேன். மெஷினில் மட்டும் அதே மூன்றே முக்கால் லீற்றர். எனக்குக் கோபம் வந்து நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். எல்லாம் அதிலேயே இருக்கிறது. பிள்ளை கீழிருந்து தள்ளத் தள்ள விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிகின்றன. ஊதி முடித்தபின் உள்ளே தங்கும் மிச்சக் காற்றுத்தான் குறைகிறது. ஊதக்கூடிய காற்று அப்படியே இருக்கிறது.

பெட்டி அகலும் என்று நான் நினைக்கவில்லை. ஆர் நினைப்பான்?

இரண்டு வாளி குழாய் கழுவினேன். அவள் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தாள். "அந்தப் பச்சைக் குழாய்க்குள்ளை இன்னும் ஊத்தை."

யூலை 30, வியாழன்

ஊரில் சண்டை முடிகிறதாம், ஒப்பந்தமாம். அக்கா போனில் அழுகிறாள். நான் நம்பவில்லை. நம்ப விருப்பம்.

ஓகஸ்ட் 13, வியாழன்

வேலை முடிந்து நவோமியோடு அந்த மாடிக்குப் போனேன். கோடுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறிக் கொண்டுபோனேன். ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை, ஐந்து கோடும் ஒரே கோடு போல. இதைவிட அழகான வேலை நான் செய்ததில்லை.

ஹெர்ஷல் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். "நல்ல கோடு. இந்தக் கடதாசி ஊதுமோ?"

"கடதாசி ஊதாது. உங்கட பல்லும்தான் ஊதாது," என்றேன்.

நவோமி என் காலை மிதித்தாள்.

"ஆர் இவன்?"

"என்ரை ரெக்னீசியன்."

"மெஷின் எல்லாம் திருத்துவானாக்கும். வாயைத் திருத்த ஆள் பிடிக்க வேணும்." ஆனால் சிரித்தார். அதற்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார். வருஷப்பிறப்புக்கு முந்திய மாதம் முழுவதும், சனிக்கிழமை தவிர, காலைச் செபம் முடிய ஒரு சிறு ஊதல் உண்டு. அதை அவள் ஊத வேண்டும். நின்றுபோகாமல் ஊதினால் சரி. நின்றால் மொன்றியல்.

திரும்பும் வழியில் அந்த ஊதலின் கணக்கைக் கேட்டேன். நீள ஒலி, பிறகு மூன்றாக முறிந்த ஒலி, பிறகு விம்மல் போல நறுக்கு நறுக்காக, திரும்பவும் நீளம். நடுவில் உள்ள முறிவையும் விம்மலையும் ஒரே மூச்சில் ஊதுவதா, இரண்டு மூச்சிலா என்று பழைய பண்டிதர்களுக்குள் சண்டையாம். அதனால் முதற் சுற்றில் ஒரே மூச்சு, பிந்திய சுற்றில் இரண்டு மூச்சு. இரண்டு கட்சிக்கும் சரி.

"கெட்டிக்காரர்," என்றேன். "எங்கட ஊரிலை ரெண்டு பஞ்சாங்கத்துக்கு ஒரு சண்டை இருக்கு. நாங்கள் எண்டா ரெண்டு கோயில் கட்டியிருப்பம்."

"நாங்களும் கட்டியிருக்கிறம். உமக்கு இன்னும் காட்டேல்லை."

ஓகஸ்ட் 26, புதன்

முதல் காலை. ஊதிவிட்டு நேரே வேலைக்கு வந்தாள். ஹெர்ஷல் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ம்" என்றாராம்.

செப்ரெம்பர் 3, வியாழன்

நின்றுபோனது.

கடைசி நீள ஒலியின் பாதியில் தலை சுற்றிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாளாம். டொக்டரிடம் போய்க் காட்டியபின் பத்து மணிக்கு லாப்புக்கு வந்தாள். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஊதுவதென்றால் ஊதலாம், தலை சுற்றினால் நிறுத்த வேண்டும் என்றாராம். நிறுத்தினால் முடிந்ததே!

ஹெர்ஷல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அதற்குப் பிறகு சொன்னாராம்: திங்கள் வரை ஓய்வெடு. செவ்வாய் காலை ஒரு முறை கேட்கிறேன். சரிவராவிட்டால் மொன்றியலுக்கு ரெலிபோன்.

செப்ரெம்பர் 4, வெள்ளி

எனக்கென்ன? இது என்ரை கொம்போ? என்ரை சாமியோ? மொன்றியல்காரன் வந்து ஊதட்டும், நல்லா ஊதட்டும் — எனக்கு ஏன் பத்தி எரியுது?

என்ரை கோடு! காற்று இருக்கெண்டு நான் கீறிக் குடுத்தனான். இருக்கு. மெஷின் பொய் சொல்லேல்லை. காற்று இருந்தும் ஏன் காணாமல் போனது? எங்கை போகுது? குழாயிலை ஒழுக்கு இருந்தா நான் கண்டுபிடிக்க மாட்டனோ?

சும்மா புலம்பாமல் யோசிடா.

ஒன்று. அளந்தது காற்றின் அளவு. கொம்பு கேட்பது அளவை அல்ல, அழுத்தத்தை. நான் அழுத்தத்தை அளக்கவே இல்லை. இது என் கண்ணில் படாமல் போனது எப்படி?

செப்ரெம்பர் 7, திங்கள் (லேபர் டே)

ஊரெல்லாம் லீவு. நான் நாலு யார் நீளமான பிளாஸ்ரிக் குழாயைப் பையில் சுருட்டிக்கொண்டு சப்வேயில் நவோமி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் டேவிட் கதவைத் திறந்து குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தேத்தண்ணி போடப் போய்விட்டான்.

குழாயைக் கதவுநிலையில் U போல வளைத்து ஒட்டினேன். பாதிக்குத் தண்ணீர். நிறம் தெரிய ஏதாவது வேண்டும் என்றேன். டேவிட் குசினியில் இருந்து பீற்றூட் அவித்த தண்ணீர் கொண்டுவந்தான். குழாயின் ஒரு முனையில் மெல்லிய துண்டு மாட்டி, அதை அவள் வாய்க்கடையில் வைத்தேன். கொம்பை ஊதும்போது வாய்க்குள் எவ்வளவு அழுத்தம் என்று தண்ணீர் ஏறிக் காட்டும்.

"ஊதும்."

ஊதினாள். பீற்றூட் தண்ணீர் குழாயால் பாய்ந்து டேவிட்டின் வெள்ளை சேட்டில் போய் விழுந்தது.

டேவிட் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "இதுக்கு என்ன அளவு?"

கண்டுபிடித்துவிட்டேன்! கொம்பு சத்தம் போடத் தொடங்குவது குழாயில் எந்த உயரத்தில் என்று மெல்ல மெல்ல ஊதவைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டினேன். அவள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடிக்கிறாள். காற்றில் பாதி சும்மா போகிறது. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

"காற்றுக்குக் குறைவில்லை. நீர் வீணாக்குறீர். ஆரை அடிக்கிறீர்? ஹெர்ஷலையோ?"

அவள் கொம்பை இறக்கினாள். நான் வழமைபோலக் கூடச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். "ஓம்," என்றாள். "ரெண்டு கிழமையா அவருக்குத்தான் ஊதிக்கொண்டிருக்கிறன். ஆருக்காக எண்டு நிண்டு நினைக்கிறதையும் விட்டிட்டன். நிண்டா அவர் மூச்சில்லை எண்டு நினைப்பார் எண்டு."

அதன் பிறகு ஒட்டுநாடாவை மட்டுமட்டாகத் தாண்டும்படி தண்ணீரை வைத்துக்கொண்டு ஊதினாள். நிரப்பி, நின்று, விட்டாள். சத்தம் சின்னதாகவில்லை! தெளிந்தது. நீண்டது. மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டும்வரை நீண்டது.

செப்ரெம்பர் 8, செவ்வாய்

மொன்றியலுக்கு ரெலிபோன் போகவில்லை. ஹெர்ஷல் இன்றும் "ம்" என்றாராம். ஆனால் வேறு "ம்" என்கிறாள்.

எட்டு நாளாகத் தூங்காதவன்போலத் தூங்கப் போகிறேன். நான் கெட்டிக்காரன். இதை வேறு ஒருவரிடமும் சொல்ல ஏலாது, இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்ரெம்பர் 23, புதன்

நாளை வருஷப்பிறப்பு. அதற்கு முந்தின நாள் கொம்பு தொடக் கூடாதாம். நல்ல விதி. கடைசி நாளில் மெஷினை நோண்டுகிறவன்தான் அதைப் பழுதாக்குவான்.

செப்ரெம்பர் 24, வியாழன்

லீவெடுத்துப் போனேன். வாசலில் ஒரு சின்னத் தொப்பி தந்தார்கள். பின் வாங்கில் இருந்தேன். பெருநாளில் மெஷின் எதுவும் கூடாது என்று டேவிட் சொல்லியிருந்தான். குழாயும் இல்லை, ஒட்டுநாடாவும் இல்லை, அவளும் கொம்பும்தான்.

ஊதுகிறவளுக்குப் பக்கத்தில் நின்று அடுத்த ஒலி எது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது ஹெர்ஷல். இந்த மனிசன் அவசரப்படுத்தியே விழுத்திப்போடும் என்று நினைத்தேன்.

நவோமி வெள்ளை உடுப்பு. வயிறு மேசை விளிம்பில் முட்டியது. மந்திரம் சொன்னாள், எல்லாரும் ஆமென் என்றார்கள். ஹெர்ஷலும். அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கக் கூடாது. ஹெர்ஷல் மெதுவாகச் சொல்ல, அவள் நிரப்பி, நின்று, ஊதினாள்.

அதில் ஒரு சொல்லும் இல்லை. காலையிலிருந்து சொல் சொல்லாகக் கொட்டிய கூட்டம் வாயை மூடிக்கொண்டு ஒருத்தியின் மூச்சைக் கேட்கிறது. எனக்கு ஒரு எழுத்து எபிரேயம் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் விளங்கியது ஒரே அளவு.

முப்பது ஊதல் ஒரு சுற்று. பிறகு செபம், பிறகு திரும்ப. முறிவையும் விம்மலையும் ஒரே மூச்சில் சேர்த்து ஊதினாள், பிந்திய சுற்றில் பிரித்து ஊதினாள். கடைசிப் பத்துக்கு வரும்போது முகம் வெளிறிவிட்டது. இடது கையை இடுப்பில் ஊன்றினாள். கால் மாற்றி நின்றாள். நான் எழும்பிவிட்டேன். ஏன் எழும்பினேன், போய் என்ன செய்யப்போகிறேன், தெரியாது.

அடுத்ததைச் சொல்ல வேண்டிய ஹெர்ஷல் சொல்லவில்லை.

புத்தகத்தைக் கீழே வைத்தார். கோட்டுப் பையைத் தடவினார். மற்றப் பையைத் தடவினார். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். கண்ணாடியைத் தேடுகிறாராம். கண்ணாடி அவருடைய மூக்கில் இருந்தது. முழுச் சபைக்கும் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நவோமி கண்ணை மூடி, மூன்று நாலு சாதாரண மூச்சு எடுத்தாள். நிறம் திரும்பியது. அப்போதுதான் கிழவருக்குக் கண்ணாடி கிடைத்தது.

கடைசி ஊதல், எல்லாவற்றிலும் நீளமானது. நிரப்பினாள். நின்றாள். நான் இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் நீண்ட நிற்பு அது. விட்டாள்.

எத்தனை செக்கன் என்று கேட்டால் தெரியாது. மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோனேன். ரெக்னீசியனுக்கு இது அவமானம். இருக்கட்டும்.

படியிறங்கும்போது ஹெர்ஷல் என் தோளில் தட்டினார். "உன்ரை கடதாசியிலை நாளைக்கும் ஏதாவது எழுதியிருக்கோ?"

"நாளைக்கும் உதே கோடுதான்," என்றேன்.

செப்ரெம்பர் 25, வெள்ளி

அதே கோடுதான்.

ஒக்ரோபர் 27, செவ்வாய்

பெண் பிள்ளை. தாலியா. ஏழே கால் றாத்தல். பிறந்தவுடன் கத்தின கத்தில் நேர்ஸ் காதைப் பொத்தினாளாம் — டேவிட் போனில் பெருமை அடிக்கிறான்.

ஊரில் திரும்பவும் சண்டை, ஒரு செய்தியும் இல்லை. போன் எடுபடவில்லை. அப்பு அம்மா எங்கே இருக்கிறார்களோ! அக்கா அழுதபடியே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தூள் இடித்து ஒரு போத்தலில் தந்தாள். "அந்தக் கொம்புக்காரப் பிள்ளைக்குக் குடு. அவையள் எங்கட மீன், இறைச்சி சாப்பிட மாட்டினம், தூளை மட்டும் குடு. தாங்களே சமைக்கட்டும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். நவோமி மணந்து பார்த்துத் தும்மினாள். நான்கு முறை, நல்ல பலத்தோடு.

1988 செப்ரெம்பர் 12, திங்கள்

இந்த வருஷமும் லீவெடுத்தேன். ஊரில் அப்புவும் அம்மாவும் சுகம் என்று கடிதம் வந்தபின் மனம் கொஞ்சம் லேசு.

நவோமி ஊதுவாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டமும் வைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு வேலை கிடைத்தது. தாலியா என் மடியில் இருந்து கத்தத் தொடங்க, ஹெர்ஷல் முன்னாலிருந்து விரலைக் காட்டினார். "யங் மேன், பிள்ளையை வெளியாலை கொண்டுபோ. இங்கை சனம் அவ ஊதுறதைக் கேக்க வேணும்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது. மந்திரமும் ஆமெனும் மெல்லக் கேட்டன.

படியில் ஒருவர் இளைக்க இளைக்க ஓடிவந்தார். நனைந்த மழைக்கோட்டு. முன்பு நான் காணாதவர்.

"துவங்கியிட்டுதோ?"

"இப்பதான் மந்திரம் சொன்னவ."

"ஆர், நவோமியோ ஊதுறது?"

"ஓம்," என்றேன். என் வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போல வந்தது குரல்.

"அப்ப கோட்டைக் கழட்ட நேரமிருக்கு," என்றார் அவர். "அவ அவசரப்படுறேல்லை."

கழற்றினார். உதறினார். ஆணியில் கொளுவினார். உள்ளே இன்னும் சத்தம் இல்லை.